வெறுங்கையோடு திரும்புகிறவருக்கு எதற்குத் தூண்டில்?

கேள்வி: என் கணவர் ஞாயிறு தவறாமல் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தூண்டிலும் கையுமாக ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஏரிக்குப் போகிறார். ஆறு வாரமாக ஒரு மீன்கூட வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் 'மனசுக்கு அமைதி' என்கிறார். ரஸ்ஸல் மார்க்கெட்டில் காசு கொடுத்தால் கிடைக்கிற மீனுக்கு இத்தனை பாடா? இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு.

பதில்: அந்த 'மனசுக்கு அமைதி'யை முதலில் தள்ளி வையுங்கள். அமைதிதான் வேண்டும் என்றால் கப்பன் பார்க்கில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள்; அங்கே உட்கார மண்புழு தேவையில்லை. தூண்டில் போட்டவர் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்க்கும்போது அவர் கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவன் கழுத்து அது. தூண்டில்காரர்கள் 'அமைதி' என்று சொல்வது வீட்டில் அனுமதி வாங்க. உண்மையைச் சொன்னால் நீங்கள் அனுமதிக்க மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும். உண்மை என்னவென்றால், இது சூதாட்டத்துக்குச் சித்தப்பா பிள்ளை.

அமெரிக்க உளவியலாளர் பி.எப். ஸ்கின்னர் கூண்டுப் புறாக்களை வைத்துக் காட்டிய விஷயம் இது. பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால், அது நின்றதும் புறாவும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எத்தனாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றிப் போட்டால், ஓயாமல் கொத்தும். தானியம் நின்ற பிறகும் வெகுநேரம் கொத்தும். வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே தூண்டிலைத்தான் உவமைக்கு இழுக்கிறார். சூதில் வென்ற பொருள், மீன் விழுங்கிய தூண்டில் முள் மாதிரி என்கிறார். தூண்டில் நரம்பின் இந்த முனையில் கம்பைப் பிடித்திருப்பவரும் எதையோ விழுங்கியவர்தான் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் லாட்டரிச் சீட்டில் இல்லாத ஒன்று இதில் உண்டு. சீட்டு விழாததற்குக் காரணம் கிடையாது. மீன் தப்பியதற்குக் காரணம் இருக்கும், யோசித்தால் பிடிபடும், அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். 'ஆழம் ஒரு சாண் குறைந்துவிட்டது', 'அரை நொடி முந்தி இழுத்துவிட்டேன்' என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். இந்தக் கணக்குதான் மயக்கம். மீன் இதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

சந்தேகமென்றால் இந்த ஊரின் கதையையே பாருங்கள். இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், காவிரிக்கரையில் பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களுக்குத் திமில் மகாசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். ராகி மாவை இறுக்கிப் பிசைந்து, எலுமிச்சை முதல் ஆரஞ்சு அளவு வரை உருட்டி, ரப்பர் போல ஆகும்வரை வேகவைத்து முள்ளில் கோப்பார்கள். வேகாத உருண்டை காவிரி இழுப்பில் கரைந்துவிடும். மணிக்கணக்கில் காத்து, மல்லுக்கட்டிக் கரைசேர்த்த மீனை எடைபோட்டு, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை! 1946-ல் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த 120 பவுண்டு மகாசீரைப் பற்றி, அதாவது 54 கிலோவைப் பற்றி, இன்றும் பேசுகிறார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று 2012 வாக்கில் அந்த முகாம்களின் மீன்பிடிப்பு நின்றது. அந்தத் திமில் மகாசீர், அற்றுப்போகும் ஆபத்தின் உச்சத்தில் இருக்கும் இனமாக 2018-ல் பட்டியலிடப்பட்டது. ஆகவே உங்கள் கணவரின் அடுத்த திட்டம் 'காவிரிக்குப் போகலாம்' என்பதாக இருந்தால், அதற்கு மட்டும் கண்டிப்பாக 'வேண்டாம்' சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டு வழக்கு. ஆறு வாரம், பூஜ்யம். இங்கேதான் எனக்கு உங்கள் கணவர்மேல் சந்தேகம் வருகிறது. எப்போதாவது விழுந்தால்தான் புறா கொத்தும். ஒருநாளும் விழாத பொத்தானை அதுவும் கடைசியில் கைவிட்டுவிடும். எனவே, ஒன்று, அவருக்கு மீன் கடிக்கிறது, இவர் கோட்டை விடுகிறார். அந்தக் கடிதான் அவரை மறுவாரமும் எழுப்புகிறது. அல்லது தக்கை அசைவதே இல்லை, மனுஷர் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அசைவே இல்லை என்றால் முதல் குற்றவாளி அந்த நாலு மணி. விடியலில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது தெளிந்த தண்ணீருக்குச் சரி. பெங்களூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் பல, சாக்கடை சேர்ந்து பாசி பிடித்துப் பச்சையாகக் கிடப்பவை. பாசி பகலில் ஆக்சிஜனை விடும். இரவெல்லாம் தானே அதை உறிஞ்சும். ஆகவே விடியும் நேரத்தில்தான் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். சூடேறினால் இன்னும் மோசம். கடல் மட்டத்தில், 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். 2016 மார்ச்சில் உங்கள் அல்சூர் ஏரியிலேயே மீன்கள் செத்து மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின்னாலும் இந்த ஆக்சிஜன் பஞ்சம்தான் இருந்தது. மூச்சுக்குத் திண்டாடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனுக்கு இரையில் நாட்டம் வராது. பச்சைத் தண்ணீர் என்றால் எட்டு மணிக்குமேல் போகச் சொல்லுங்கள். ஞாயிறு தூக்கமாவது மிஞ்சும்.

அடுத்தது ஆழம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிருகால் அடியில். எந்த மீனுக்கு எங்கே இரை தொங்க வேண்டும் என்று தீர்மானிக்காமல் தக்கையை ஏதோ ஓரிடத்தில் கட்டிவிட்டு உட்கார்வது, வீட்டு எண் இல்லாமல் தபால் போடுவதற்குச் சமம். முள்ளில் ஒரு கனமான ஈயக்குண்டை மாட்டி எறிந்து பார்க்க வேண்டும். தக்கை முழுகிப்போனால் ஆழம் அதிகம், தக்கையை மேலே ஏற்று. படுத்துவிட்டால் ஆழம் குறைவு, கீழே இறக்கு. தக்கையின் நுனி மட்டும் தெரிந்தால் முள் தரையைத் தொட்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வதில்லை. (இந்தத் தொண்ணூறு என் எரிச்சலின் அளவு, கணக்கெடுப்பு அல்ல.)

கடிக்கிறது, ஆனால் சிக்கவில்லை என்றால் தக்கையைப் பாருங்கள். கடையில் தொங்கும் சிவப்பு-வெள்ளைப் பந்துத் தக்கையா? அதைக் குழந்தையிடம் விளையாடக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு பெரிய தக்கையைக் கீழே இழுக்க மீன் பலம் போட வேண்டும்; இழுப்பு கனமாகத் தெரிந்ததும் இரையைத் துப்பிவிடும். மயிலிறகுத் தண்டு மாதிரி ஒல்லியான தக்கை போதும். ஒரு சென்டிமீட்டர் நுனி மட்டும் நீருக்கு மேல் நிற்கும் அளவுக்குச் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை நரம்பில் இறுக்கிவிட வேண்டும். கடைசிக் குண்டு முள்ளிலிருந்து நாலு விரல் தள்ளித் தரையில் கிடக்கட்டும்.

இப்படிக் கட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும். மிருகால் தரையிலிருந்து இரையை எடுத்துத் தலையைத் தூக்கும்போது அந்தக் குண்டையும் சேர்த்துத் தூக்கும். பாரம் குறைந்த தக்கை முழுகாமல் மேலே எழும்பி, சாயும். தக்கை கீழே போவதற்காகவே காத்திருப்பவர் இந்தக் கடியைக் கடி என்றே அறியாமல் டீ குடித்துக்கொண்டிருப்பார். டக் டக் என்று துடித்தால் அது பொடி ஜிலேபி மீன், இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் நழுவினால் வாயில் வாங்கிக்கொண்டு நகர்கிறது, அப்போது இழுக்கலாம். இழுப்பது என்றால் மணிக்கட்டு அளவு. தோளிலிருந்து இழுத்தால் மீனின் உதடுதான் கிழியும்.

முள்ளின் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு: எண் கூடினால் முள் சிறிது. உள்ளங்கை அளவு மீனுக்கு 8 அல்லது 10. 'பெரிய மீன் வரட்டும்' என்று 1/0 என்ற பெரிய முள்ளை வாங்கி மாட்டினால் அது பேராசையே தவிர தூண்டில் அல்ல. தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, முள்ளில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டபின், இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே பலம் இழக்கும். 'அஞ்சு கிலோ இருக்கும், அறுத்துட்டுப் போயிடுச்சு' என்ற வீரக்கதைகளில் பல இந்த எச்சில் தொடாத முடிச்சில் முடிந்தவை. மற்றவை ரீலில். நாலு கிலோ தாங்கும் நரம்பு என்றால், ஒரு கிலோ அல்லது கொஞ்சம் கூடுதலான இழுப்பில் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் நரம்பைக் கட்டி இழுத்தாலே தெரிந்துவிடும்.

இரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை மாவு இரண்டு பங்கு, கடலைப் பிண்ணாக்குப் பொடி ஒரு பங்கு. சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைந்து, பிய்த்த பஞ்சு கொஞ்சம் சேர்த்தால் முள்ளில் நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கட்டும். கரைந்திருந்தால் அவர் இத்தனை நாளும் வெறும் முள்ளைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தவம் இருந்திருக்கிறார். மண்புழுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்குக் கெளுத்திதான் முந்தும்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஏரிகளின் மீன் உரிமையை மீன்வளத் துறை குத்தகைக்கு விடுகிறது. கரையில் ஒருவர் வந்து 'காள ஹாக்பேடி' (தூண்டில் போடாதீர்கள்) என்றால் அவர் பெரும்பாலும் குத்தகைக்காரரின் ஆள், சட்டம் அவர் பக்கம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகட்டும், அல்லது காசு வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் தனியார் குளத்துக்குப் போகட்டும். இரண்டாவது, நுரை தள்ளும் ஏரியில் பிடித்ததைக் குழம்பு வைக்காதீர்கள். அந்த வகையில் ஆறு வாரமாக வெறுங்கையோடு வந்தது உங்கள் அதிர்ஷ்டம். குழம்புக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டே இருக்கட்டும். அதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

அடுத்த ஞாயிறு அவர் வந்ததும் 'எத்தனை மீன்?' என்று கேட்காதீர்கள். 'தக்கை எத்தனை தடவை அசைந்தது?' என்று கேளுங்கள். 'ஒன்பது தடவை' என்று முகம் மலர்ந்தால் தக்கையையும் முள்ளையும் மாற்றச் சொல்லுங்கள். 'அசையவே இல்லை' என்றால் ஏரியையும் நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். 'எந்தத் தக்கை?' என்று திருப்பிக் கேட்டாரானால், அவர் போவது ஏரிக்குத்தானா என்று விசாரியுங்கள்.