கரன்ட் பில் கேள்விகள்: காயில் கடைக்காரர் பதில்கள்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் இந்த இதழிலும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ், இரண்டு டிவி, தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான். பங்குனி, சித்திரை கணக்கில் 530 யூனிட் வந்துவிட்டது. வீட்டுக்காரர் செல்போன் சார்ஜரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறார். அதனால் பலன் உண்டா?
*– வாசகி, அழகாபுரம்*

பதில்: சார்ஜரைப் பிடுங்குவது நல்ல பழக்கம்தான் அம்மா, ஆனால் அதில் பில் குறையாது. போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான். சூடு பண்ணுகிற சாமானையும் நாள் முழுக்கச் சுற்றுகிற சாமானையும் பாருங்கள். பில் அங்கேதான் இருக்கிறது.

பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். கோடையில் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். மூன்று ஃபேனுக்கு 200 யூனிட் போய்விட்டது. இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் (கரன்ட் குறைவாக இழுக்கிற புது வகை மோட்டார் வைத்தது) அதே காற்றை 30 வாட்டில் கொடுக்கிறது. மூன்றையும் மாற்றினால் 120 யூனிட் மிச்சம், நீங்கள் 410-க்கு இறங்கிவிடுவீர்கள். காயில் எரிந்த சீலிங் ஃபேனைக் கட்டித் தரச்சொல்லி வருகிறவர்களை இப்போதெல்லாம் நானே திருப்பி அனுப்புகிறேன். கடை வியாபாரத்துக்கு ஆகாத பேச்சுதான், இருந்தாலும் அது அப்படித்தான்.

500-க்குக் கீழே இறங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 501 முதல் 600 வரைக்கும் 2024 ஜூலை கட்டணப்படி யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. அது போதாதென்று, 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் பறிபோய்விடும். அந்த ஒன்றிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்னாடி மீட்டரை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. ராத்திரி ஃப்ரிட்ஜ் உட்பட எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா? யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்து, நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் வந்தால், எதுவோ 19 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்டாப் பாக்ஸாக இருக்கும். 10 வாட் பெட்டி ஒன்று சும்மா இருந்தே இரண்டு மாதத்தில் 14 யூனிட் தின்னும். வீட்டுக்காரரைச் சார்ஜரை விட்டுவிட்டு அதைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்தோம். கீழே நாற்பது நாள் வந்த சிலிண்டர் இங்கே ஒரு மாதம்கூட வரவில்லை. கீசரும் நாள் முழுக்க ஆனில் இருக்கிறது. குளிர்தான் காரணமா?
*– வாசகர், ஏற்காடு*

பதில்: குளிர் பாதி, உயரம் பாதி. நீங்கள் இருப்பது 1500 மீட்டர் உயரத்தில். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்கிற பழக்கம் இருந்தால் மலைக்கு மேலே அதை விட்டுவிடுங்கள். குக்கர்தான் சரி, கீழே வைத்ததைவிட ஒரு விசில் கூட. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துப் போட்டால் கேஸ் இன்னும் மிச்சம்.

கீசருக்கு வருவோம். 15 லிட்டர் தண்ணீரை 16 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர முக்கால் யூனிட் ஆகும். அதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் நாள் முழுக்க ஆனில் விட்டால், யாரும் குளிக்காமலே தொட்டி ஆறி ஆறிச் சூடாகும். அதில் தினம் சுமார் அரை யூனிட் வீண். குளிக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணையுங்கள். தெர்மோஸ்டாட்டை 50-இல் வையுங்கள். 60-இல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பானேன்?

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்களுக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும்போதுதான் மலையில் மூட்டமும் மழையும். காசை அதில் போடுவதற்கு முன் யோசியுங்கள். தோட்டத்தில் காப்பிச் செடி கவாத்து பண்ணிய குச்சி கிடைக்குமென்றால் பழைய செம்பு பாய்லர் ஒன்று வாங்கிப் போடுவேன், நானாக இருந்தால்.

கேள்வி: போர் மோட்டார் அரை மணியில் தொட்டியை நிரப்பும். இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. காயில் போயிருக்குமா?
*– வாசகர், அம்மாப்பேட்டை*

பதில்: காயில் போனால் மோட்டார் ஓடாது தம்பி, இல்லை டிரிப் ஆகும். ஓடிக்கொண்டே தண்ணீர் குறைவது வேறு கதை. ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும், அதனால் உங்கள் கேள்வி பில்லுக்கும் முக்கியமானதுதான்.

மோட்டாரை நிறுத்திவிட்டு பைப்பில் காதை வைத்துக் கேளுங்கள். தண்ணீர் சளசளவென்று கீழே இறங்கினால் என்ஆர்வி வால்வு (ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பைப்பையே முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும். சத்தமில்லையென்றால், தொட்டி வாயில் ஒரு குடத்தை வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் வேகமாக வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் போரில் நீர்மட்டம் இறங்கிவிட்டது. இடைவெளி விட்டு இரண்டு தடவையாக ஓட்டுங்கள். முதலிலிருந்தே மெலிதாக வந்தால் எங்கேயோ பைப் கசிகிறது, அல்லது இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) தேய்ந்திருக்கிறது. இவ்வளவும் பார்த்துவிட்டு மோட்டாரை மேலே தூக்குங்கள். தூக்கும் கூலி சின்னதில்லை.

கேள்வி: பழைய பெட்டி ரெகுலேட்டரில் ஃபேனை 2-இல் வைத்தால் கரன்ட் மிச்சமா?
*– வாசகி, சூரமங்கலம்*

பதில்: கொஞ்சம்தான். மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே சூடாகிவிடும். தொட்டுப் பாருங்கள், தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மாடியில் சோலார் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
*– வாசகர், கொண்டலாம்பட்டி*

பதில்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஓடுகிற வீடென்றால் போடலாம். 2024-இல் வந்த அந்தத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் தினம் சுமார் 4 யூனிட் தரும். 200 யூனிட்டுக்குள் முடிகிற வீடென்றால் வேண்டாம், போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும். போடுவதாக முடிவெடுத்தால், ஆளை வரவழைப்பதற்கு முன் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடியேறி, தண்ணீர்த் தொட்டி நிழல் எதுவரை விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்குள் பேனல் வரக்கூடாது.