பல் மருத்துவம் படிக்கும் மகள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளா?

அம்மா, உங்கள் மகள் பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். படிப்பு முடிந்ததும் ஊரில் கிளினிக் வைத்துக் கொடுக்கலாம் என்று வீட்டில் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரோ வாய் நோய், உமிழ்நீர்ச் சுரப்பி, அலர்ஜி என்று ஆராய்ச்சிப் பக்கம் போகப் போவதாகச் சொல்கிறார். "இதில் பிழைப்பு நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். ஆனால் கிளினிக்கா, ஆராய்ச்சியா என்று இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கான கேள்விகள் பிறப்பது நோயாளி உட்காரும் நாற்காலியில்தான். வாயைத் திறந்து பார்க்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்குச் சோதனைக்கூடத்தில் எதைத் தேடுவது என்றே தெரியாமல் போகிறது. அவருக்கு இந்த வேலைக்கான பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை எட்டு வருடம் செலவழிக்காமல் இரண்டே மாதத்தில் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் இந்த வேலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். உமிழ்நீர் சுரக்கும் அளவை அளப்பதையே எடுத்துக்கொள்வோம். நோயாளி குறைந்தது ஒன்றரை மணி நேரம் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், புகைக்காமல், பல் துலக்காமல் வர வேண்டும். காலை ஒன்பது முதல் பதினொன்று மணிக்குள் எடுப்பது வழக்கம். நேராக உட்காரவைத்து, தலையைச் சற்றே குனியச் சொல்லி, வாயில் ஏற்கெனவே இருப்பதை ஒருமுறை விழுங்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஊறுவதை, முன்பே எடை போட்டு வைத்த குழாயில் வழியவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் எடை போட்டால், ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிடலாம். எதையும் மெல்லாமல் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் வரை சுரப்பது இயல்பு. 0.1-க்குக் கீழே போனால் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.

கேட்க எளிதாக இருக்கும், கெட்டுப்போகும் இடங்கள்தான் ஏராளம். ஒரு நோயாளியிடம் காலையிலும் இன்னொருவரிடம் மதியத்திலும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் உமிழ்நீரின் அளவும் அதிலுள்ள கார்டிசால் என்ற ஹார்மோன் போன்றவையும் நேரத்துக்கு நேரம் மாறும். ஈறில் ரத்தம் கசிந்தால் ரத்தத்தின் புரதமும் சேர்ந்து வந்துவிடும். மன அழுத்தத்துக்கோ சளி, அரிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவருக்கு மருந்தாலேயே வாய் காய்ந்திருக்கும். சேகரித்த குழாயை ஐஸில் வைக்காமல் வெயில் காலத்தில் ஓ.பி. மேசையில் விட்டால், உமிழ்நீரில் உள்ள நொதிகளும் பாக்டீரியாக்களும் அரை மணி நேரத்துக்குள்ளேயே புரதங்களைச் சிதைக்கத் தொடங்கிவிடும். பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்தும் பயனில்லை. பல முதுநிலை ஆய்வேடுகளின் முடிவுகள் வலுவிழப்பது இந்த மாதிரி சில்லறைத் தவறுகளால்தான். நாற்பதாவது நோயாளியிடமும் முதல் நோயாளிக்குச் செய்ததை அப்படியே செய்ய உங்கள் மகளுக்கு மனம் வருமா என்பதைப் பாருங்கள். வந்தால், இது அவருக்கான வேலை.

உமிழ்நீர்ச் சுரப்பியில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே வீங்கி வலித்து, சற்று நேரத்தில் வடிந்துபோனால் பெரும்பாலும் அது குழாயில் கல் அடைத்ததன் அறிகுறி. பத்தில் எட்டுக் கற்கள் தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் உருவாகின்றன. அதன் குழாய் நீளமானது, மேல்நோக்கி ஏறுவது, உமிழ்நீரும் கொழகொழப்பானது. இன்னொரு பக்கம் ஸ்யோகிரென் நோய். ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஸ்யோகிரென் 1933-இல் விரிவாக விவரித்தது. கண்ணும் வாயும் காய்ந்துபோகும். இதை உறுதிசெய்யக் கீழுதட்டின் உட்புறம் சிறிதாகக் கீறி, நான்கைந்து சிறு சுரப்பிகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 4 சதுர மில்லிமீட்டர் திசுவில் 50 அல்லது அதற்கு மேல் லிம்ஃபோசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) கொண்ட கொத்து ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இரண்டே சுரப்பியை எடுத்து அனுப்பிவிட்டால் இந்தக் கணக்கைப் போட முடியாது, நோயாளிக்குக் கீறல்தான் மிச்சம். உதட்டில் சில வாரம் மரத்துப்போகலாம் என்பதையும் கையெழுத்து வாங்கும்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அலர்ஜிதான் நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி என்பது எங்கள் கருத்து. "எனக்குப் பல் ஊசி ஆகாது டாக்டர்" என்று சொல்லும் நோயாளியை எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம். விசாரித்தால் பெரும்பாலும் அது பயத்தில் வந்த மயக்கமாக இருக்கும், அல்லது மருந்தோடு சேர்ந்த அட்ரினலின் ரத்தக் குழாயில் போனதால் ஏற்பட்ட படபடப்பாக இருக்கும். லிக்னோகைன் வகை மரப்பு மருந்துக்கே உண்மையான அலர்ஜி மிக அரிது. அட்ரினலின் சேர்த்த ஊசியில் அது கெடாமலிருக்கப் போடும் சல்ஃபைட்டும், பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் பாட்டிலில் சேர்க்கும் மெத்தில் பாராபெனும்தான் சில நேரம் காரணமாகின்றன. யாரும் சோதித்துப் பார்க்காமல் சீட்டில் "அலர்ஜி" என்று எழுதிவிட்டால், அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் மரப்பு ஊசி இல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சீட்டுகளை ஒழுங்காக விசாரித்துப் பிரித்தறிவதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

கட்டுப்பல் வைத்த இடத்தில் எரிச்சல், கிளிப் போட்ட பிள்ளைக்கு உதட்டோரம் தடிப்பு, கையுறை போட்ட மருத்துவருக்கே கையில் அரிப்பு என்று மற்றவையும் உண்டு. அக்ரிலிக் கட்டுப்பல்லில் இறுகாமல் தங்கிய மோனோமர் என்ற மூலப்பொருள், கிளிப் கம்பியில் உள்ள நிக்கல், கையுறையின் லேடெக்ஸ் ரப்பர் ஆகியவை இவற்றின் பின்னணியில் இருக்கும். நிக்கல்-டைட்டானியம் கம்பியில் பாதிக்கு மேல் நிக்கல்தான். ஆனால் எரிச்சல் எல்லாமே அலர்ஜி இல்லை. சரியாகப் பொருந்தாத கட்டுப்பல்லும் அடியில் வளரும் கேண்டிடா பூஞ்சையும் அதே எரிச்சலைத் தரும். அவற்றை முதலில் விலக்கிவிட்டுத்தான் சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். நோயாளி இரண்டாம் முறை வராமல் போவதால்தான் பாதி ஆய்வுகள் அந்தரத்தில் நிற்கின்றன. இதற்குத் தோல் மருத்துவத் துறையின் துணையும் தேவை. ஆகவே தனித்து நிற்கும் பல் மருத்துவக் கல்லூரியைவிட, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த வளாகம் இந்தத் தலைப்புக்கு நல்லது.

வாய் நோய்களில் நம்மவர்களுக்கு நெருக்கமானது பாக்கால் வருவது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை கலக்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. பாக்கு மெல்பவர்களில் சிலருக்குக் காரம் பட்டாலே எரியும், கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல இறுகும், வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறையும். இதற்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு செய்தால், மேல்-கீழ் முன்பல் விளிம்புகளுக்கு இடையே வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் அளக்க வேண்டும், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பது அவருக்குத் தெரியக் கூடாது. பாக்கை விட்டதாலும் வாய்ப் பயிற்சியாலும் வந்த முன்னேற்றத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதற்காகத்தான் மருந்து இல்லாமல் பயிற்சி மட்டும் செய்யும் ஒரு குழுவும் வேண்டும்.

இனி பாதை. முதல் படி, மேலே சொன்ன இரண்டு மாதச் சோதனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்தும் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கானது. கல்லூரியில் ஒரு கைடு கிடைத்தால், சிறிய கேள்வி ஒன்றுடன் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாத வேலை, பிறகு அறிக்கை. அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் உதவித்தொகையும். படிக்கும்போதே செய்ய வேண்டியது இது. எந்த ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வாகாவிட்டாலும் அதே ஆய்வைக் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டி அனுமதியுடன் செய்யலாம்.

அடுத்தது பல் மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ்.-க்கு நுழைவுத் தேர்வான நீட் எம்.டி.எஸ்., 240 கேள்விகள், மூன்று மணி நேரம், 960 மதிப்பெண். உங்கள் மகளின் ஆர்வத்துக்கு இரண்டு பிரிவுகள் பொருந்தும். ஓரல் மெடிசினில் நோயாளியும் எக்ஸ்ரேயும், ஓரல் பேத்தாலஜியில் திசுவும் மைக்ராஸ்கோப்பும். கவுன்சலிங்கில் கிளிப், வேர் சிகிச்சை, அறுவை சிகிச்சைப் பிரிவுகள் முதலில் தீர்ந்துவிடும், இவை இரண்டும் பின்னால் வரும் ரேங்குக்கும் கிடைக்கும். அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. வேறு எதுவும் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள் மூன்று வருடமும் மனக்கசப்போடு ஓட்டுவார்கள். விரும்பி வருபவருக்கோ நல்ல கல்லூரியிலேயே இடம் அமையும். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பெரிய தொகை கேட்டால், இந்தப் பிரிவுகளுக்கு அதைக் கட்டாதீர்கள். ஆசிரியர் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க வெகுகாலம் ஆகும்.

எம்.டி.எஸ். சேர்ந்த ஆறு மாதத்துக்குள் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் சீனியரின் தலைப்பையே ஊரை மாற்றி எழுதித் தருவது பலரும் செய்வது. எஸ்.டி.எஸ். செய்தவருக்கு அந்த நெருக்கடி வராது. மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வானால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து, ஆய்வு தொடங்கிய பிறகு செய்யும் பதிவு அங்கே ஏற்கப்படுவதில்லை, பதிவில்லாத கட்டுரையை நல்ல இதழ்கள் தொடுவதில்லை.

வருமானம். ஐ.சி.எம்.ஆர். நிதி பெறும் திட்டங்களில் ப்ராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்ட் பணியின் மருத்துவப் பிரிவுக்கு பி.டி.எஸ். படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். 67,000 ரூபாய் மாதச் சம்பளமும் வீட்டு வாடகைப் படியும் என்ற விதத்தில் விளம்பரம் வரும். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். எம்.டி.எஸ். முடித்தவருக்குக் கல்லூரி ஆசிரியர் பணி, பயாப்சி (எடுத்த திசுவைச் சோதிப்பது) பார்க்கும் லேப், பி.எச்டி. ஆகியவை உண்டு. பி.எச்டி.-க்குக் குறைந்தது மூன்று வருடம். இந்த இடைவெளிகளில் மாலை நேரக் கிளினிக்தான் கை கொடுக்கும். அதனால் சேர்த்த பணத்தை அப்படியே வைத்திருங்கள். இன்டர்ன்ஷிப் முடியும்வரை கட்டடம், நாற்காலி என்று எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

எம்.டி.எஸ். கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காமல் அந்தத் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் பேசச் சொல்லுங்கள். உதட்டுச் சுரப்பி பயாப்சி வருடத்துக்கு எத்தனை வருகிறது, மைனஸ் 80 ஃப்ரீசர் வேலை செய்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கிறதா, டெஸ்ட் கிட் வாங்கும் செலவு மாணவர் தலையில் விழுகிறதா, கைடு ஆய்வேட்டைப் படித்துத் திருத்தித் தருகிறாரா என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு அந்த மாணவர் பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.