கல்யாணம் நடத்துகிறவரும் கல் பதிக்கிறவரும்

ஐயா,

சனிக்கிழமை பையனோடு வந்தபோது என் மேஜையில் விட்டுப் போன அந்தத் தனியார் சினிமாப் பயிற்சி நிறுவனத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். 'ஒரே வருடத்தில் டைரக்‌ஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ்', கட்டணம் ஆறு லட்சம், நூறு சதவீத வேலை உத்தரவாதம். "சேர்க்கலாமா சார்?" என்று கேட்டீர்கள். தம்பியின் முகத்தைப் பார்த்து அன்று மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்: இதில் சேர்க்க வேண்டாம். சினிமாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கல்யாணத்தை முன்நின்று நடத்துகிற பெரியவரும், தாலிக்கொடிக்கு மணி கோக்கிற, நகைக்குக் கல் பதிக்கிற ஆசாரியும் ஒரே கல்யாணத்துக்குத்தான் உழைக்கிறார்கள். அதற்காக இருவருக்கும் ஒரே வகுப்பில் பாடம் எடுக்க முடியுமா? படத்தை நடத்துகிற டைரக்டரும், அதில் நுணுக்க வேலை செய்கிற விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞரும் அப்படித்தான். தரமணியில் இருக்கிற அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தையே பாருங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் சேருகிற நான்காண்டு பட்டப்படிப்பு அது. அங்கே இயக்கம்-திரைக்கதை தனிப் பிரிவு, அனிமேஷன்-விஷுவல் எஃபெக்ட்ஸ் தனிப் பிரிவு. ஒன்றுக்கே நான்கு வருடம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

விஷுவல் எஃபெக்ட்ஸ், சுருக்கமாக வி.எஃப்.எக்ஸ், என்றதும் தம்பி மனதில் ஓடுவது பறக்கும் டிராகனும் இடிந்து விழும் கட்டடமும். புதிதாகச் சேருகிறவர்களில் பலருக்கு முதலில் கையில் வருவது ரோட்டோ. நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க அவர் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே போகிற வேலை. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஐந்து நொடி ஷாட் என்றால் 120. காற்றில் பறக்கிற தலைமுடி, விரல் இடுக்கு, துப்பட்டா நுனி எல்லாவற்றையும் விடாமல் தொடர வேண்டும். மென்பொருள் பாதி தூரம் கூட வரும், மீதி கண்ணும் கையும்தான். "விளிம்பு ஆடுது, திரும்பப் பண்ணு" என்று சூப்பர்வைசர் மூன்றாம் முறையும் திருப்பி அனுப்புவார். இதில் ஒரு பங்கை இப்போது ஏஐ கருவிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. ஆகவே ரோட்டோவோடு நிறுத்திக்கொள்கிற கோர்ஸில் பணம் போடாதீர்கள். கம்பாசிட்டிங் (தனித்தனியாகச் செய்த காட்சிகளை ஒன்றாகப் பொருத்துவது), லைட்டிங் (கம்ப்யூட்டர் காட்சிக்கு ஒளி அமைப்பது), எஃப்.எக்ஸ் (நெருப்பு, புகை, தண்ணீர் போன்றவற்றை உருவாக்குவது) என்று ஏதாவது ஒன்றை ஆழமாகச் சொல்லித் தருகிற இடமாக இருக்கட்டும்.

தம்பிக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆறு லட்சம் தேவையில்லை. இந்த வேலைக்கான மென்பொருள்களில் பிளெண்டர் முழுக்க இலவசம். நியூக், ஹூடினி இரண்டுக்கும் கற்றுக்கொள்வதற்கான இலவசப் பதிப்பு உண்டு. ஒரு மாதம், தினம் மூன்று மணி நேரம், வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்காரட்டும். உங்கள் கடை வாசலைப் போனில் எடுத்து, அதில் இல்லாத ஒரு பொருளை இருப்பதுபோல் வைத்துக் காட்டட்டும். நிழல் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லலாம். அதற்குப் படிப்பு வேண்டாம்.

இந்தத் தொழிலில் மேடு பள்ளம் அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க வி.எஃப்.எக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அவர்கள் வேலைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் வி.எஃப்.எக்ஸ் நிறுவனங்களை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு, மும்பையில் இருந்த நம் பிள்ளைகளும் வேலையிழந்தார்கள். திறமை இருந்தும் நடந்ததுதான் இது. குடும்பம் இரண்டு வருடம் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, டைரக்‌ஷனுக்கு வருவோம். இங்கே கணக்கே வேறு. டைரக்டரை யாரும் சான்றிதழ் பார்த்து வேலைக்கு எடுப்பதில்லை. கார்த்திக் சுப்புராஜ் ஐ.டி. வேலையிலிருந்து வந்து டி.வி. குறும்படப் போட்டி வழியாக உள்ளே போனவர். மணிரத்னம் படித்தது எம்.பி.ஏ. அப்படியென்றால் பள்ளி எதற்கு? கூட்டாளிகளுக்கு. 1986-இல் வந்த 'ஊமை விழிகள்' திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து எடுத்த படம். கேமரா படிக்கிறவன், எடிட்டிங் படிக்கிறவன், ஒலி படிக்கிறவன் எல்லாரும் பக்கத்து அறையில் இருக்கிற இடம்தான் டைரக்‌ஷன் படிக்கத் தக்க இடம். புனேயில் இருக்கிற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் (எஃப்.டி.ஐ.ஐ.), கொல்கத்தாவில் இருக்கிற சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம் இரண்டிலும் டைரக்‌ஷன் மூன்று வருடப் படிப்பு. அதற்கு ஏதாவது ஒரு டிகிரி வேண்டும், இடங்களும் குறைவு. உங்கள் பையன் இப்போதுதான் பிளஸ் டூ. தரமணி கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் பிடித்த ஒரு டிகிரி படித்துக்கொண்டே குறும்படம் எடுக்கட்டும், பிறகு புனேக்கு எழுதட்டும். அசிஸ்டென்ட்டாகப் போவதும் வழிதான். ஆனால் ஆரம்பத்தில் பேட்டா என்கிற தினப்படிதான் கிடைக்கும், அதுவும் ஷூட்டிங் நடக்கிற நாளில்.

எந்தத் தனியார் இடமாக இருந்தாலும் திறப்பு விழாவுக்கோ ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கோ போகாதீர்கள். ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். பையன்கள் கையில் கேமரா இருக்கிறதா, இல்லை அது கண்ணாடி அலமாரியில் இருக்கிறதா? நான் ஒரு இடத்தில் பார்த்த கேமராவில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருட மாணவர்களின் ஷோரீலை, அதாவது தாங்கள் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுகிற வீடியோவை, கேளுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் அந்த மாணவர் செய்தது எந்தப் பங்கு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் கிளம்பி வந்துவிடலாம். அப்புறம், 'வேலை உத்தரவாதம்' என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'நேர்காணலுக்கு ஏற்பாடு செய்யப்படும்' என்றுதான் இருக்கிறது.

முன்பதிவுக்குக் கட்டிய பத்தாயிரம் போய்விடுமே என்று அம்மா வருத்தப்படுவதாகச் சொன்னீர்கள். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பத்தாயிரத்தைக் காப்பாற்ற மீதி ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைக் கட்ட வேண்டாம்.