போனில் மட்டும் வீடியோ திக்குவதற்குத் தீர்வு

வணக்கம். கணினியில் சீராக ஓடும் வீடியோ, எக்ஸ்போர்ட் செய்து போனில் போட்டதும் திக்குகிறது, போகப் போகக் குரலும் உதடும் விலகுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரல் விலகல்தான் முக்கியமான துப்பு. எக்ஸ்போர்ட் அமைப்பைவிட மூல கிளிப் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

போன் கேமராக்கள் பெரும்பாலும் மாறும் பிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு இத்தனை பிரேம் (படம்) என்ற எண்ணிக்கை நிலையாக இல்லாமல், பதிவு செய்கின்றன. 30 என்று வைத்திருந்தாலும் வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கை இறங்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதை நிலையான ரேட் என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, பிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், வீடியோ கோப்புகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதிக்குப் போய் 30, 'கான்ஸ்டன்ட்' (நிலையானது) இரண்டையும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அந்தப் புதிய கோப்பை வைத்து எடிட் செய்யுங்கள். இலவச மென்பொருள்தான், கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் பலன் உண்டு.

அடுத்து டைம்லைன், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கி எடிட் செய்யும் பகுதி. அதன் பிரேம் ரேட் 24 ஆக இருந்து, 30-இல் எக்ஸ்போர்ட் செய்தால், நான்கு பிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அது அப்பட்டமாகத் தெரியும். கிளிப், டைம்லைன், எக்ஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும். கிளிப் சேர்த்தபின் டைம்லைன் ரேட்டை மாற்ற விடாத மென்பொருள் என்றால் புதிய புராஜெக்ட் தொடங்குவதே நல்லது.

எக்ஸ்போர்ட்டுக்கு எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1080பி (படத்தின் அளவு), 10 முதல் 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் தரவு) போதும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிச் சோதிக்காதீர்கள், அது மறுபடியும் சுருக்கிவிடும். கேபிளில் ஏற்றிப் பாருங்கள். அப்படியும் திக்கினால் மீடியாஇன்ஃபோ காட்டும் விவரத்தை இங்கே ஒட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.