டபுள் விசில்: கடைசி வண்டி எப்போது இறங்கும்?

முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், பஸ்ஸில் போய் நடந்து சுற்றிவர நினைக்கும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

எனக்கு 54 வயது. கார் கிடையாது, பிள்ளைகளுக்கு நேரம் கிடையாது. தோழிகள் மூன்று பேர் சேர்ந்து, காடும் அருவியுமாக ஓர் இடத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு வர ஆசை. பஸ்ஸில் எங்கே போகலாம்?
— வாசகி, ஈரோடு

கொல்லிமலைக்குப் போங்கம்மா. விடியும் முன்னே ஈரோட்டில் ஏறி நாமக்கல்லில் இறங்கினால் மலை வண்டி கிடைக்கும். சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரத்துக் காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பம். எழுபது கொண்டை ஊசி வளைவு. மலை வண்டிகளுக்கு நீளம் குறைவு என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நீள வண்டி ஒரே மடக்கில் திரும்பாது. குமட்டல் உள்ளவர்கள் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், பூரி கிழங்கோடும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். பின் சீட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தவர்களுக்கு எத்தனை எலுமிச்சம்பழம் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி நிற்பார். அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் பஸ் போகிறது. கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், இரண்டு பக்கமும் காடு. பாதி வழியிலேயே தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும், ஆனால் அருவி கண்ணில் படாது. ‘இதோ வந்தாச்சு’ என்று அந்தச் சத்தம் ஏமாற்றிக்கொண்டே இருக்கும். முழங்கால் வாங்குவது இறங்கும்போது, மூச்சு வாங்குவது ஏறும்போது. இறங்க ஒரு பங்கு நேரம் என்றால் ஏற இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து வெள்ளம் வந்தால் இறங்க விடமாட்டார்கள். அதற்காக அங்கே யாரோடும் மல்லுக்கு நிற்காதீர்கள்.

மேலே ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் சூப் குடியுங்கள். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. பழுப்பு முடியோடு பார்க்க அச்சு அசலாக ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கடைக்கார அம்மா கத்தியால் அந்த முடியைச் சுரண்டி எடுத்துத் தட்டிப் போட்டு, மிளகும் சீரகமும் தூக்கலாகக் கொதிக்கவிட்டுத் தருவார். மூட்டுவலி போகும் என்பார்கள். போகுமோ என்னவோ, அத்தனை படி ஏறி வந்தவர்களுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும்.

முழங்கால் ஒத்துழைக்காதென்றால் கவலை வேண்டாம். அதே தண்ணீர்தான் அய்யாறாக மலையின் மறுபக்கம் இறங்கிப் புளியஞ்சோலைக்கு வருகிறது. துறையூரிலிருந்து பஸ் உண்டு. படிக்கட்டே இல்லை. மர நிழலில் ஓடைக்கரையோடு நடந்து, பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு திரும்பலாம்.

மலை கிராமத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் எனக்கு எதிரே ஒரு பஸ் மேலே ஏறிப் போனது. அது திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. செல்போனில் பார்த்த நேரமும் தப்பு. ஏன் இப்படி?
— வாசகர், சேலம்

தம்பி, நீங்கள் பார்த்தது நைட் ஹால்ட் வண்டி. சாயங்காலம் கடைசியாக மேலே போகும். டிரைவரும் கண்டக்டரும் ஊரிலேயே படுத்துக்கொண்டு, காலையில் முதல் சிங்கிளாக, அதாவது முதல் ஒருவழி டிரிப்பாக, வண்டியைக் கீழே இறக்குவார்கள். பள்ளிப் பிள்ளைகள், பால் கேன், சந்தைக்குப் போகும் மூட்டை எல்லாம் அதில்தான் வரும். ஆகவே, கடைசியாக ஏறும் வண்டி வேறு, கடைசியாக இறங்கும் வண்டி வேறு. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்கூட இருக்கும்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆனபிறகு, லீவு நாளில் ஒரு மலைக்கு நடக்கப் போனேன். என் ரூட் இல்லை. ‘எனக்குத் தெரியாத பஸ்ஸா’ என்ற திமிர், யாரையும் கேட்கவில்லை. இருட்டும் நேரத்தில் வண்டி வந்தது, கை காட்டினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஹால்ட் வண்டிண்ணே, இனிமே காலைல அஞ்சேகாலுக்குத்தான்” என்றார். நானும் கண்டக்டர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னபிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராத்திரி மூவர் சீட்டில் படுத்தேன், போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. டிரைவர் தன் துண்டைக் கொடுத்தார். அந்தக் குளிருக்கு ஒரு துண்டு எந்த மூலைக்கு!

அதனால் போகும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். ‘கடைசி பஸ் எப்போ’ என்று கேட்டால் குழப்பம்தான். ‘கீழே இறங்குற கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதுக்கு முந்தினது எத்தனை மணிக்கு’ என்று கேளுங்கள். முந்தினதைப் பிடிக்கிற மாதிரி நடையை முடித்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி பிரேக் டவுன் ஆகலாம், டிரிப் கட் ஆகலாம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறை இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செல்போன் சொல்லும் நேரமெல்லாம் அப்புறம்தான்.

யூடியூப்பில் காட்டும் காட்டுப் பாதைகளில் நண்பர்களோடு அனுமதி இல்லாமல் போகலாமா? பஸ் நிற்கும் இடத்திலிருந்தே ஒற்றையடிப் பாதை தெரிகிறதே?
— வாசகர், சென்னை

போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பிறகும் இந்தக் கேள்வி வருகிறது. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்யும் வசதி கொடுத்திருக்கிறது. உள்ளூர் வழிகாட்டியும் கூட வருவார். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல்முறை என்றால் எளிதில் ஆரம்பியுங்கள். கோடையில் தீ பயத்தால் மூடிவிடுவார்கள், பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

காடே வேண்டும் என்றில்லை, தண்ணீர் ஓரம் போதும் என்றால் வேடந்தாங்கல் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை. செங்கல்பட்டு போய் வண்டி மாறுங்கள். ஏரிக்கரையில் நடந்தபடியே, தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகளைப் பார்க்கலாம். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் பறவைகளுக்குக் காவல் கேட்டு வாங்கியவர்கள்.

பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினொரு வயது. மலை வேண்டாம். காடும் கடலும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர்

கோடியக்கரை. வேதாரண்யம் போய் அங்கிருந்து கோடியக்கரை பஸ் ஏறுங்கள். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி வழியில்தான் வருகிறது. உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவியல் தெரியும். அப்புறம் கோடியக்காடு. 1967-லிருந்து சரணாலயம். வனத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். வெளிமான்களைப் பார்க்கலாம். கருத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக நிற்பது கிடா, பழுப்பாக இருப்பது பெண் மான். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் சேறுதான் மிச்சம், தை மாதம் பாருங்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இந்த மலை பஸ்களிலும் டிக்கெட் இலவசமா?
— வாசகி, நாமக்கல்

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து இலவசம். மலைக்குப் போகும் எல்லா வண்டியும் அந்தக் கணக்கில் வராது. போர்டைப் பார்த்து, ஏறும் முன்னே கேட்டுவிடுங்கள். இலவசம் என்றாலும் கண்டக்டர் ஒரு சீட்டு கிழித்துத் தருவார். ‘காசில்லாத சீட்டு எதுக்கு’ என்று ஜன்னல் வழியே பறக்கவிடாதீர்கள். செக்கர் ஏறினால் அதைத்தான் கேட்பார்.