குட்டியின் விலை வேறு, நாயின் விலை வேறு

கேள்வி: அண்ணா, நாங்கள் களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். இவர் கட்டாரில் வேலை. நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான் வீட்டில். பக்கத்து வளவுக்குள் கள்ளன் வந்து போனதிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் வாங்கிவிடு என்று இவர் சொல்கிறார். பேஸ்புக்கில் பார்த்தோம். கொழும்புப் பக்கம் ஒருவர் பேப்பரோடு 90,000, பேப்பர் இல்லாமல் 50,000 என்கிறார். குட்டிக்கு 35 நாளாம், பஸ்ஸில் போட்டு அனுப்பலாமாம். வாங்கின பிறகு மாதம் எவ்வளவு செலவு வரும்? வீட்டில் மிஞ்சுகிற சோறு கறியைப் போட்டு வளர்க்க ஏலாதா?

பதில்: தங்கச்சி, 50,000 என்றாலும் 90,000 என்றாலும் அது ஒரு நாள் எண்ணிக் கொடுக்கிற காசு. அதற்குப் பிறகு ஒன்பது, பத்து வருஷத்துக்கு மேல் நீங்கள் காசு கொடுக்கப்போவது நாயின் எடைக்கு. வளர்ந்த ஆண் ஜேர்மன் ஷெப்பர்ட் 30 முதல் 40 கிலோ வரும், பெண் 22 முதல் 32. சாப்பாடு, பூச்சிக் குளிசை, உண்ணி மருந்து, சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கிற மயக்க ஊசி, எல்லாமே நாயை நிறுத்துப் பார்த்துத்தான்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். 35 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி வேண்டும். பைக்கற்றில் வரும் உலர் உணவு என்றால் 450 கிராம், மாதம் 13 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. கிலோ 1,000 ரூபா என்று வைத்தால் 13,500 ரூபா. உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். நல்ல உணவில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சாமான். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, நாய் வளர்த்தவர்கள் பட்ட பாட்டை நான் நேரே பார்த்தவன். இன்னுமொன்று, குட்டிதானே, கொஞ்சம்தானே தின்னும் என்று எண்ண வேண்டாம். ஐந்து, ஆறு மாதத்தில் அது வளர்ந்த நாய் அளவுக்கே தின்னும்.

மிஞ்சின சோறும் கறியும் இந்த நாய்க்குக் காணாது. எங்கள் கறியில் உப்பு, மிளகாய், வெங்காயம் மூன்றும் உண்டு. வெங்காயம் நாயின் சிவப்பு இரத்தக் கலங்களை அழிக்கும், சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. வேறாகச் சமைத்துப் போடலாம்தான். அப்படியென்றால் நாளுக்கு 250 கிராம் அரிசி, 400 கிராம் எலும்பில்லாத கோழியோ மீனோ, கொஞ்சம் பூசணிக்காய் என்று கணக்கு வரும். மாதம் 12 கிலோ கோழி! கழுத்து, ஈரல், சூடை மீன் என்று மாற்றி வாங்கினால் குறையும், ஆனால் சும்மா வராது. முதல் ஒரு வருஷம் இப்படிச் சமைத்துப் போடுவதை நான் சொல்லவே மாட்டேன். சோறும் இறைச்சியும் மட்டும் தின்னும் குட்டிக்குக் கல்சியம் போதாது, எலும்பு வளையும். அதற்குப் பயந்து பைக்கற் உணவும் கொடுத்து, மேலே கல்சியக் குளிசையும் கொடுப்பவர்கள் உண்டு. பெரிய இனக் குட்டிக்கு மிதமிஞ்சின கல்சியமும் எலும்பைக் கெடுக்கும். பெரிய இனக் குட்டிக்கென்றே விற்கிற உணவை அளந்து போடுங்கள், குளிசை வேண்டாம்.

அடுத்தது மருந்து. பூச்சிக் குளிசை வழக்கமாக 10 கிலோவுக்கு ஒன்று. 15 கிலோ ஊர் நாய்க்கு ஒன்றரை என்றால் உங்கள் நாய்க்கு மூன்றரை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. உண்ணிக் குளிசையும் அப்படித்தான், எடை கூடக்கூடப் பெட்டியும் மாறும், விலையும் மாறும். குட்டிகளைக் கொல்லும் பாவோ, டிஸ்டெம்பர் என்ற நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 16 கிழமை வரை மூன்று, நான்கு கிழமைக்கு ஒருதரம், பிறகு வருஷா வருஷம். வயலும் வாய்க்காலும் உள்ள நம்முடைய பக்கத்தில் எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். அந்த நோய் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். விசர்நாய்த் தடுப்பூசியை மட்டும் அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் திகதி கேளுங்கள்.

உண்ணியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் கல்லடி வீட்டில் ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் ஒன்பது வருஷம் இருந்தது. ஒரு ஆவணி மாதம், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரம், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப்போய்ப் படுத்தது. வெக்கைக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு கடதாசி போல வெளுத்திருந்தது. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் பயறு பயறாக உண்ணி. 36 கிலோ நாய், எழும்ப மாட்டாது. மோட்டார் சைக்கிளில் ஏற்ற ஏலாது, கூப்பிட்ட இரண்டு ஓட்டோவும் மாட்டேன் என்று போய்விட்டன. கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பியின் பட்டா லொறியில், சாக்கு விரித்து, இரண்டு பேர் தூக்கிக் கிடத்தினோம். அது உண்ணிக் காய்ச்சல். இந்த இனத்தை அது மற்ற நாய்களைவிட மோசமாகத் தாக்கும். 28 நாள் டொக்சிசைக்கிளின் மருந்து, அதுவும் எடைக்கு ஏற்ற அளவு. பிழைத்தது. அந்த மாதச் செலவு நான் குட்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டியது.

பேப்பருக்கு வருவோம். பேப்பர் என்பது தாய் தகப்பன் யார் என்று சொல்கிற வம்சாவளிப் பத்திரம். குட்டி சுகமாக இருக்குமா என்று அது சொல்லாது. ஜேர்மன் ஷெப்பர்ட், றொட்வெய்லர், லப்ரடோர் எல்லாவற்றுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வருகிறது. தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்-றே எடுத்துக் காட்டுகிறவர் 90,000 கேட்டால் அதில் நியாயம் உண்டு. வெறும் பேப்பருக்கு மேலதிகமாக 40,000 கொடுக்க வேண்டாம். வாங்குவதென்றால் நேரில் போய், தாய் எழும்பி நடப்பதைப் பாருங்கள். இடுப்பு கெட்டால் சத்திரசிகிச்சைக்குப் பேராதனைக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டிவரும். மகா ஓயா, மகியங்கனை தாண்டி அந்த வளைவெல்லாம் ஏறி நோயாளி நாயோடு போய்வருகிற வாகனக் கூலியையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

35 நாள் குட்டியைப் பஸ்ஸில் அனுப்புகிறேன் என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. முதல் ஊசி போடும் வயதே அதற்கு இன்னும் வரவில்லை.

என் முடிவு இது. உங்களுக்கு வேண்டியது அம்மாவின் நித்திரை. கள்ளனை விரட்டுவது குரைப்பு, அதை ஊர் நாய் நன்றாகவே செய்யும். 15 கிலோ, பாதிச் சாப்பாடு, நம்முடைய வெயிலைத் தாங்குகிற மயிர். நல்ல தாய்க்குப் பிறந்த ஊர்க் குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, கருத்தடையும் செய்து, கேற்றில் ஒரு நல்ல லைட்டும் பூட்டும் போடுங்கள். ஷெப்பர்ட்தான் வேண்டும் என்று இவர் நின்றால், முதலில் நாய் இல்லாமலே மூன்று மாதம், மாதம் 20,000 ரூபாவைத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவு இடிக்காவிட்டால் பிறகு வாங்கலாம். கூடு கட்டினால் தகரம் வேண்டாம், கிடுகால் வேயுங்கள். இன்னுமொன்றும் யோசியுங்கள், இவர் கட்டாரில், கயிற்றைப் பிடிக்கப்போவது நீங்களும் அம்மாவும்.

கேள்வி: றொட்வெய்லர் குட்டி ஒன்று 70,000 ரூபாவுக்கு வாங்கினேன். மூன்றாம் நாள் வாந்தியும் இரத்த வயிற்றோட்டமும், ஐந்தாம் நாள் செத்துவிட்டது. மிருக வைத்தியர் பாவோ என்று எழுதித் தந்தார். விற்றவர், நீங்கள்தான் பார்க்கத் தெரியாமல் சாகவிட்டீர்கள் என்கிறார். (திருக்கோவில்)

பதில்: தம்பி, மனம் நோகிறது. நீங்கள் சாகவிடவில்லை. பாவோ கிருமி உடம்புக்குள் போய் நோய் காட்ட மூன்று முதல் ஏழு நாள், சில வேளை இரண்டு கிழமை எடுக்கும். மூன்றாம் நாளே வாந்தி என்றால், பெரும்பாலும் விற்றவர் வீட்டிலேயே தொற்றியிருக்கும். வைத்தியரிடம் நோய் தொடங்கிய திகதியையும் போட்டு எழுதி வாங்குங்கள். வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் பேச்சு, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விற்றவர் உங்கள் பகுதிக்காரர் என்றால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள், சட்டத்தரணி தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்துக் கேளுங்கள். கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தர வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அடுத்த முறை பற்றுச்சீட்டில் ஊசி போட்ட திகதியையும் எழுதச் சொல்லுங்கள்.

மிக முக்கியம்: அதே வளவுக்கு இப்போது இன்னொரு குட்டி கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருஷம் வரை கிடக்கும். சீமெந்துத் தரையை, கோப்பையை ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து கழுவலாம், மணலைக் கழுவ ஏலாது.

கேள்வி: வெளிநாடு போகிற குடும்பம் ஒன்று நான்கு வயது கிறேட் டேனைச் சும்மா தருகிறது. எடுக்கலாமா? (கல்முனை)

பதில்: 60 கிலோ நாய் என்றால் நாளுக்கு 700 கிராம் உணவு, மாதம் 21 கிலோ. இந்த இனத்தின் ஆயுள் 7 முதல் 10 வருஷம், ஆகவே முதுமைச் செலவு சீக்கிரம் உங்கள் கைக்கு வரும். அதைவிடப் பயம் வயிறு முறுக்கிக்கொள்வது. வயிறு மத்தளம் போல் வீங்கும், வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் நாய் தப்பாது. இரவு பத்து மணிக்கு அப்படி ஆனால் அதைச் செய்யக்கூடிய வைத்தியர் யார், ஏற்றிப்போகிற வாகனம் யாருடையது? இந்த இரண்டு போன் நம்பரும் கையில் இருந்தால் எடுங்கள்.