விசையின் திருப்புத்திறன்: தூரத்தால் ஏன் பெருக்குகிறோம்?

திருப்புத்திறன், அதாவது ஒரு விசை ஒரு பொருளை ஒரு புள்ளியைச் சுற்றி எவ்வளவு திருப்பும் என்பதன் அளவு, விசை பெருக்கல் செங்குத்துத் தூரம் என்று மனப்பாடமாகத் தெரியும், ஆனால் ஏன் பெருக்க வேண்டும், அதென்ன செங்குத்துத் தூரம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

உங்கள் ஊர் பாளையங்கோட்டை என்று எழுதியிருப்பதால், திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தில் தடி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லையப்பர் தேர் ரத வீதியில் அசையாமல் நின்றுவிட்டால் வடம் இழுப்பது மட்டும் போதாது. பின்னால் நீண்ட மரத்தடியைக் கொடுத்து, அதற்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, மறுமுனையை ஆட்கள் அழுத்துவார்கள். அந்தக் கட்டைதான் சுழல் புள்ளி, அதாவது தடி எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த இடம்.

கணக்குக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கட்டையிலிருந்து தேர்ப் பக்கம் 0.2 மீட்டர், ஆள் பக்கம் 3 மீட்டர். தடி கொஞ்சம் திரும்பினால் இரு முனைகளும் ஒரே கோணம்தான் திரும்பும். ஆனால் ஆளின் கை 15 செ.மீ. இறங்கும்போது தேர்ப் பக்க முனை 1 செ.மீ.தான் ஏறும். உராய்வை விட்டுவிட்டால், கை செய்த வேலையும் (விசை × நகர்ந்த தொலைவு) தேர் மேல் நடந்த வேலையும் சமம். அப்படியென்றால் 300 நியூட்டன் விசையில் அழுத்தினால் அங்கே 4500 நியூட்டன் கிடைத்தாக வேண்டும். 300 × 3 = 900, 4500 × 0.2 = 900. பெருக்கல் வருவது இங்கிருந்துதான். நகரும் தொலைவு, சுழல் புள்ளியிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப கூடுகிறது, அவ்வளவுதான்.

சரி, செங்குத்து எதற்கு? தடி தரையோடு 60 டிகிரி சாய்ந்து நிற்கிறது, ஆள் நேர் கீழாக அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நகர்வது வட்ட வில்லில், அதாவது தடிக்குச் செங்குத்தாக. அதே 300 நியூட்டனில் அந்தத் திசையில் இருக்கும் கூறு 300 × cos 60° = 150 நியூட்டன்தான். விசையின் இன்னொரு கூறு, தடியின் நீளவாக்கில் கட்டையை நோக்கிப் போகிறது. அது எதையும் திருப்பாது. 150 × 3 = 450. இதையே விசைக் கோட்டுக்கும் சுழல் புள்ளிக்கும் இடையே செங்குத்தாக அளந்தால் 1.5 மீட்டர், 300 × 1.5, அதே 450.

நிறையப் பேர் கை இருக்கும் இடம் வரை அளந்துவிடுகிறார்கள். அளக்க வேண்டியது விசை செல்லும் கோடு வரை. அதனால் படம் போடும்போது முதலில் அந்தக் கோட்டை இருபுறமும் நீட்டி வரையுங்கள், அப்புறம் சுழல் புள்ளியிலிருந்து செங்குத்து இறக்குங்கள். கோடு சுழல் புள்ளி வழியாகவே போனால், விசை எவ்வளவு பெரிதானாலும் திருப்புத்திறன் சுழிதான்.